ஓர் எழுத்தும் அதன் பொருளும்

(சங்கத்தின் சொற்பொழிவு வரிசையில் கணிப்பொறித் துறையினர் சார்பில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழக்கமாக இலக்கியமும் இசையும் சமயமும் பேசப்பெறும். இவ்வாண்டு கணிப்பொறித் தொழிலில் இருக்கும் எங்களை அழைத்து, ‘இரவெல்லாம் கண் விழித்து நீங்கள் செய்யும் வேலைதான் யாது? எங்களுக்கும் விளங்கும்படி அதில் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்’ என்று செயற்குழுவினர் பணித்தனர். நாங்களும் கூடி யோசித்து, மிகச் சிறியதொரு பொருளைத் தெரிந்தெடுத்தோம். அதன் அளவு ஒரே ஓர் எழுத்து.

வடநாட்டிற்குக் குடிவந்த நமக்கு ஓர் அனுபவம் பொதுவானது. நம் வீட்டுப் பாட்டி ‘உபன்யாசம் கேட்கப் போகிறேன்’ என்கிறார். இந்தி பேசும் அண்டை வீட்டு அம்மையார், பாட்டி நாவல் ஒன்றைப் படிக்கக் கேட்கப் போகிறார் என்று எண்ணிக் கொள்கிறார். நாம் ‘அவசரம்’ என்றால் விரைவு. அவர்களுக்கோ அது வாய்ப்பு. நமக்குக் கல்யாணம் என்றால் நாதசுரமும் சாப்பாடும். அவர்களுக்கு அது பொதுவாக நலம் என்ற அளவோடு நிற்கும். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. ஆயினும் இதனால் எக்குடியும் கெட்டதில்லை. எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதைக் கண்டவுடன் நாம் சொல்லைத் திருத்திக் கொள்கிறோம். இயந்திரத்திற்கு முகம் இல்லை.

சரி, அவ்வெழுத்து எங்கே வருகிறது என்பதைச் சொல்லுவோம். கணிப்பொறியில் படங்களைத் தொட்டு வேலை வாங்கும் முறையை யாவரும் அறிவீர்கள். எங்கள் தொழிலில் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரியாகக் கட்டளையைத் தட்டச்சிடுவோம். கோப்பு ஒன்றைப் படியெடுக்க ‘சிபி’ என்று ஒரு கட்டளை உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே அஃது இடம் பெற்றிருக்கிறது. அக்கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் இட்டால், வேலை செய்யும் விதம் மாறும். இதனை எங்களவர் ‘ஆப்ஷன்’ என்பர்; இங்கே ‘குறி’ என்று வைத்துக் கொள்வோம். சமையலறையில் ‘காப்பி’ என்பது கட்டளையானால், ‘சர்க்கரை இல்லாமல்’ என்பது குறி.

இக்குறிகளை மனிதர் கையால் இடுவது கொஞ்சமே. பெரும்பாலும் பல கட்டளைகளை வரிசையாக எழுதி ஓர் ஏட்டில் வைத்துவிடுவோம். ‘ஸ்கிரிப்ட்’ என்று வழங்கும் அவ்வேட்டை, நடு இரவில் எவரும் அருகில் இல்லாத வேளையில் இயந்திரம் தானே எடுத்து, தானே படித்து, தானே செய்து முடிக்கும். எழுதியவர் வேலையை விட்டுச் சென்றிருப்பார்; ஊர் மாறியிருப்பார்; சில சமயம் உலகத்தையே விட்டுச் சென்றிருப்பார். ஏடு மட்டும் ஓடிக் கொண்டிருக்கும். இந்நாளில் கணக்குகளும் பதிவேடுகளும் காப்புப் பிரதிகளும் எத்தனை அலுவலகங்களில் இத்தகைய ஏடுகளை நம்பி நிற்கின்றன என்பதைச் சொல்லி முடியாது.

ஆகவேதான் ‘நிலைப்பதிப்பு’ என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. டெபியன் என்னும் இயங்குதளத்தார் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பதிப்பை வெளியிட்டு, ‘இது நிலையானது’ என்று அறிவிப்பர். அதன்பின் அப்பதிப்பினுள் புதிய வசதிகள் புகுவதில்லை. பாதுகாப்பில் ஓட்டை கண்டாலும் புதிய நிரலைக் கொண்டு வந்து பழையதை மாற்றிவிட மாட்டார்கள். ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய நிரலிலேயே தைத்து விடுவர். உபுண்டு என்பார், இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் நீண்ட காலப் பதிப்பு ஒன்றை வெளியிட்டு, 5 ஆண்டுகள் அதனைப் பேணுவதாக வாக்களிக்கின்றனர். இதன் உட்பொருள் யாதெனில், நேற்று இட்ட குறி நாளையும் அதே பொருளைத் தரும் என்பதே.

இனி வழக்கிற்கு வருவோம்.

‘சிபி’ கட்டளைக்கு ‘-என்’ என்று ஒரு குறி உண்டு. க்னூ என்னும் இயக்கத்தார் பேணும் ‘கோர்யூட்டில்ஸ்’ தொகுப்பில் இக்குறி 2009ஆம் ஆண்டில் சேர்ந்தது. ‘படியெடு, ஆனால் போகுமிடத்தில் அப்பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் கை வைக்காதே’ என்பது அதன் பொருள். நல்ல குறி, பலருடைய உழைப்பைக் காத்த குறி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைக் கூறிவிட்டுச் செல்லும். சுழியம் என்றால் வெற்றி; வேறு எண் என்றால் தோல்வி. கோப்பு ஏற்கெனவே இருந்தமையால் ‘சிபி’ சும்மா திரும்பினால், அஃது வெற்றியா, தோல்வியா? நீங்களே எண்ணிப் பாருங்கள். ‘அண்ணன் வீட்டில் இல்லையென்றால் இக்கடிதத்தை வைத்துவிட்டு வா’ என்று பையனை அனுப்புகிறோம். அண்ணன் வீட்டில் இருக்கிறார். பையன் கடிதத்தோடு திரும்புகிறான். அவன் வேலையைச் செய்தவனா, செய்யாதவனா? இரு பக்கமும் பேசலாம். க்னூவார் 14 ஆண்டுகள் அதனை வெற்றி என்றே சொல்லி வந்தனர். ஃப்ரீபிஎஸ்டி என்னும் மற்றோர் இயங்குதளத்தின் ‘சிபி’ அதே நிலைமையில் தோல்வி என்று கூறியது.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கோர்யூட்டில்ஸின் 9.2ஆம் பதிப்பு வெளிவந்தது. அதில் ‘-என்’ குறியின் விடை மாற்றப்பட்டது. இனிக் கோப்பு இருந்து படியெடுக்காமல் விட்டால், தோல்வி என்று எண் வரும். மாற்றியவர்கள் அறியாதார் அல்லர். படியெடுக்கச் சொல்லிப் படியெடுக்கப்படவில்லை என்றால் அதனை வெற்றி என்பது பொய் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு என்றே நாங்களும் கருதுகிறோம்.

ஆயின் நியாயம் வேறு, ஓடும் ஏடு வேறு. இவ்வாறு வைத்துக் கொள்வோம். ஓர் அலுவலகத்தில் இரவு ஏட்டில் 3 வரிகள் உள்ளன. முதல் வரி, அமைப்புக் கோப்பு இல்லையென்றால் மட்டும் மாதிரிக் கோப்பிலிருந்து ஒன்றைப் படியெடுத்து வைக்கிறது. அங்கேதான் ‘-என்’ இருக்கிறது. இரண்டாம் வரி, அன்றைய கணக்குகளுக்குக் காப்புப் பிரதி எடுக்கிறது. மூன்றாம் வரி, எடுத்ததை வேறு ஊருக்கு அனுப்புகிறது. கவனமுள்ள எவரும் ஏட்டின் தலையில், ‘எந்த வரி தோற்றாலும் அங்கேயே நின்றுவிடு’ என்று எழுதி வைப்பர். அதுவே நல்ல பழக்கம் என்று நாங்கள் இளைஞர்களுக்குக் கற்பிக்கிறோம். அமைப்புக் கோப்பு முதல் நாளே வந்துவிட்டது. ஆகவே ஆண்டுக் கணக்கில் முதல் வரி ஒன்றும் செய்யாமல் வெற்றி என்று சொல்லி வந்தது, ஏடு ஓடியது. நிரல் மாறிய இரவில் அதே வரி தோல்வி என்றது, ஏடு நின்றது. காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. 9.2இல் அக்குறி தோல்வி என்று எண்ணை மட்டும் சொல்லிற்றே ஒழிய, ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கையேட்டிலேயே, ஓசையின்றித் தோற்கும் என்றுதான் கண்டிருந்தது. நின்ற ஏட்டைத் தேடிச் செல்பவனுக்கு, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று சொல்ல எதுவும் இல்லை. ஏட்டிலும் எழுத்து மாறவில்லை. எழுதியவனும் தவறு செய்யவில்லை. கவனமாக எழுதியவன் ஏடு நின்றது. தோல்வியைப் பொருட்படுத்தாது ஓடும்படி அலட்சியமாக எழுதியவன் ஏடு ஓடிக் கொண்டிருந்தது! இதை எண்ணும்போது எங்களுக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. பொங்கல் விருந்தின் நடுவே தொலைபேசி மணி கேட்டுக் கையலம்பிவிட்டு ஓடும் பிள்ளைகளைக் கண்டு மனம் நொந்த தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவன் ஓடுவது சில சமயம் இத்தகைய ஓர் எழுத்திற்காகத்தான்.

பின் நடந்ததைக் கேளுங்கள். அடுத்த மாதமே, 2023 ஏப்ரலில், 9.3ஆம் பதிப்பில் ‘--அப்டேட்=நன்’ என்று புதிய குறியொன்றைச் சேர்த்தனர். பழைய ‘-என்’ தந்து வந்த பொருளை இது தரும். முறையீடுகள் எழுந்தன. 2023 டிசம்பரில் இது டெபியன் பதிப்பாளர்களிடம் வழக்காகச் சென்றது. அவர்கள் தம் பதிப்பில் ‘-என்’ குறிக்குப் பழைய பொருளையே மீட்டுத் தந்து, கூடவே, ‘இக்குறியின் நடத்தை எங்கும் ஒன்றுபோல் இல்லை, இனியும் மாறக்கூடும், புதிய குறியை ஆளுக’ என்னும் கருத்தில் ஓர் எச்சரிக்கை வரியையும் சேர்த்தனர். அவ்வெச்சரிக்கை அப்படியே 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 நீண்ட காலப் பதிப்பிலும் புகுந்தது. 2024 மார்ச்சு மாதம் க்னூவாரும் 9.5ஆம் பதிப்பில் பின்வாங்கி, ‘-என்’ மீண்டும் ஓசையின்றி விட்டுவிட்டு வெற்றி என்று சொல்லும்படி செய்தனர். தோல்வி என்றே தெரிய வேண்டும் என்பார்க்கு ‘--அப்டேட்=நன்-ஃபெயில்’ என்று தனிக் குறி ஏற்பட்டது. ‘-என்’ குறிக்கோ ‘கைவிடத்தக்கது’ என்று முத்திரை விழுந்தது.

ஓராண்டில் பொருள் போய்த் திரும்பிவிட்டது; கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். புதிய குறியை ஆளுக என்கிறார்களே, அதை 9.3க்கு முற்பட்ட நிரல் அறியாது. பிழை என்று மறுத்துவிடும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல் இருப்பது 9.1. ஆகவே புதிய இயந்திரத்திலும் பழைய இயந்திரத்திலும் ஒரே ஏடு ஓட வேண்டும் என்றால், பழைய குறியை இட்டால் ஓரிடத்தில் எச்சரிக்கை. புதிய குறியை இட்டால் மற்றோரிடத்தில் மறுப்பு. எங்களுள் பலர் இரண்டையும் விட்டு, ‘கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார், இல்லையென்றால் படியெடு’ என்று இரண்டு படியாக எழுதத் தொடங்கிவிட்டோம். அதிலும் பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் இடைப்பட்ட கணத்தில் வேறொருவர் கோப்பை வைத்துவிடக் கூடும் என்ற சிறு இடர் உண்டு. அவ்விடரைத் தவிர்க்கத்தான் ‘-என்’ போன்ற குறி வேண்டியிருந்தது.

டெபியனின் நிலைப்பதிப்பை மட்டும் வைத்திருந்தோர் இக்குழப்பத்தைக் கண்டிலர் என்பதையும் சொல்ல வேண்டும். 12இல் 9.1, 2025 ஆகஸ்டில் வந்த 13இல் 9.7. இடையில் நடந்த போக்குவரத்து அவர்கள் வாசலை மிதிக்கவே இல்லை. மெதுவாகச் செல்வதால் பழைமைவாதிகள் என்று ஏளனம் செய்யப்படும் அப்பதிப்பாளர்களுக்கு இந்த ஒரு முறையேனும் நாம் கைகூப்பலாம்.

‘அப்படியானால் பிழையைத் திருத்தவே கூடாதா?’ என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். திருத்தாமல் விட்டதன் விளைவிற்கும் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை இயற்றினார். அதன் ஏட்டில் கட்டளை வரிகள் ‘டேப்’ என்னும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோடுதான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளிகளை இட்டால் ஏற்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே! சில வாரங்களிலேயே இது சங்கடமென்று அவர் உணர்ந்தார். ஆயின் அதற்குள் ஒரு டஜன் பேர் அக்கருவியை ஆளத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்குத் தொல்லை தரலாகாது என்று விட்டுவிட்டார். அந்த 12 பேருக்குக் காட்டிய இரக்கத்தால், இன்றுவரை எத்தனையோ பேர் அந்த இடைவெளியில் தடுக்கி விழுகின்றனர். ஆகவே மாற்றத்தை எக்காலத்தும் மறுப்பது எங்கள் கட்சி அன்று. மாற்றத்தின் வகையிலேதான் எங்களுக்கு வழக்கு.

குறியொன்றை நீக்குவது ஒரு வகை. அவ்வாறு நீக்கினால், பழைய ஏட்டைப் படிக்கும் இயந்திரம் ‘இப்படியொரு குறி எனக்குத் தெரியாது’ என்று கூவும். வேலை நிற்கும், ஆனால் காரணம் எழுத்தில் இருக்கும். 2001ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரநூலைப் பின்பற்றி, கோப்பின் முதல் வரியை மட்டும் காட்டும் ‘ஹெட் -1’ என்னும் பழைய வடிவத்தைக் க்னூவார் சில காலம் மறுத்தனர். ‘இவ்வடிவம் வழக்கிழந்தது, இன்னவாறு எழுதுக’ என்று கட்டளையே வழி சொல்லிற்று. எரிச்சலூட்டிய மாற்றம்தான், பின்னர் தளர்த்தப்பட்டு, ‘ஹெட் -1’ இன்றும் நடக்கிறது. ஆனால் அதனால் ஏமாந்தவர் இலர்.

பெயரை வைத்துக் கொண்டு பொருளை மாற்றுவது மற்றொரு வகை. அதே தரநூலின் வழியே ‘சார்ட் +1’ என்பதற்கு நேர்ந்தது இது. பழங்காலத்தில் அதற்கு, ‘ஒரு பத்தியைத் தள்ளி, அடுத்ததைக் கொண்டு வரிசைப்படுத்து’ என்று பொருள். புதிய விதியில் ‘+1’ என்பது கோப்பின் பெயராயிற்று. ‘+1 என்னும் கோப்பு இல்லை’ என்று இயந்திரம் சொல்ல, இவன் எந்தக் கோப்பைக் கேட்டான் என்று எழுதியவன் விழிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு கோப்பு இருந்துவிட்டால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் தமிழிலும் சொற்கள் பொருள் மாறியிருக்கின்றன. நாற்றம் என்பது ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அம்மாற்றம் நூற்றாண்டுகளில் மெல்ல நடந்தது. எவரும் நாள் குறித்துச் செய்யவில்லை. பழைய நூலைப் படிப்போர்க்கு உரையாசிரியர்கள் துணை நின்றனர். இரவு ஏட்டிற்கு உரையாசிரியர் எவரும் இலர்.

நாகரிகமாக மாற்றியவர்களும் உண்டு. ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்பும் ‘எஸ்சிபி’ என்னும் கட்டளையின் உள்முறை பழையது; பாதுகாப்பில் பலவீனமானது. ஓபன்எஸ்எஸ்எச் குழுவினர் முதலில் 2021இல் 8.7ஆம் பதிப்பில் புதிய முறையைத் தனிக் குறியின் கீழ் சோதனையாக வைத்தனர். அதுவே வருங்காலத்தில் இயல்பாகும் என்றும் முன்னறிவித்தனர். 2022 ஏப்ரலில் 9.0ஆம் பதிப்பில் அதனை இயல்பாக்கி, பழைய முறை வேண்டுவோர்க்கு ‘-ஓ’ என்று ஒரு குறியைக் கொடுத்தனர். எவையெவை வேறுபடும் என்பதையும் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினர். முதலில் புதிய பெயர், பிறகு அறிவிப்பு, அதன்பின் மாற்றம், பழையவர்க்கு ஒரு வாசல். திருமணப் பத்திரிகை அச்சிட்டு ஊரெல்லாம் கொடுத்த பின்பு மண்டபத்தை மாற்ற நேர்ந்தால், பழைய மண்டப வாசலில் ஒருவரை நிறுத்தி வைப்பதில்லையா? அது போன்றதுதான்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரே கட்டளை இரண்டு இயங்குதளங்களில் வேறுபட்டிருப்பதும் உண்டு. லினக்ஸில் ‘கில்லால்’ என்று எழுதி ஒரு நிரலின் பெயரையும் இட்டால், அப்பெயருள்ள நிரல்கள் மட்டும் நிறுத்தப்படும். சோலாரிஸில் அக்கட்டளை இயந்திரத்தை மூடும் வேளைக்கென்று ஏற்பட்டது. ஓடும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். லினக்ஸில் பழகிய கை சோலாரிஸில் நிர்வாகியின் அதிகாரத்தோடு அமர்ந்தால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. இங்கு எவரும் எதையும் மாற்றவில்லை. ஆள்தான் இடம் மாறினான். இடம் மாறி வந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

முடிவாக, அண்மையில் நிகழ்ந்ததொன்று. உபுண்டுவார் 2025 அக்டோபரில் வெளியிட்ட 25.10ஆம் பதிப்பில், க்னூவின் கட்டளைத் தொகுப்பிற்கு மாற்றாக, ரஸ்ட் என்னும் மொழியில் புதிதாக எழுதிய தொகுப்பை இயல்பாக வைத்தனர். அதில் ‘டேட்’ என்னும் கட்டளைக்கு ‘-ஆர்’ என்ற குறியோடு ஒரு கோப்பின் பெயரைத் தந்தால், அக்கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைச் சொல்ல வேண்டும். பிஎஸ்டி மரபிலோ அதே எழுத்து, 1970 சனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளைத் தேதியாக்குவதற்கு உரியது. ஆதியிலிருந்தே இரட்டைப் பொருள் உடைய எழுத்து அது. புதிய தொகுப்பு அக்குறியை ஏற்றுக் கொண்டது. பிழை என்று சொல்லவில்லை. ஆனால் அதன்படி செய்யவும் இல்லை. கோப்பின் நேரத்தைக் கேட்டால், இப்போதைய நேரத்தைச் சொல்லிவிட்டு, வெற்றி என்று சுழியத்தையும் கொடுத்துச் சென்றது.

அவ்வியங்குதளத்தில், பாதுகாப்புத் திருத்தங்கள் வந்திருக்கின்றனவா என்று தானாகப் பார்க்கும் ஏடு ஒன்று உண்டு. கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதை அஃது ஓர் அடையாளக் கோப்பின் நேரத்தைக் கொண்டு அறியும். அதற்கு அந்த ஏடு கேட்பது இதே ‘டேட் -ஆர்’. எப்போது கேட்டாலும் ‘இப்போது’ என்று விடை வந்தது. இப்போதுதானே பார்த்தோம், மீண்டும் எதற்கு என்று ஏடு ஒவ்வொரு முறையும் திரும்பிச் சென்றது. இதனால் பாதிக்கப்பட்ட இயந்திரங்களில் திருத்தங்களைத் தேடும் வேலை ஓசையின்றி நின்றிருந்தது. அம்மாதமே உபுண்டுவார் பிழையைக் கண்டு திருத்தம் வெளியிட்டனர். ஆனால் தானாகத் தேடும் வழியே அடைபட்டிருந்தமையால், அத்திருத்தம் அவ்வியந்திரங்களுக்குத் தானாகச் சென்று சேர இயலவில்லை. உரியவர்கள் அமர்ந்து, கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையைத் தம் கையாலேயே தட்டச்சிட்டு அதனைத் தருவிக்க வேண்டும் என்று அறிவிப்புக் கொடுத்தனர்.